சொர்க்கத்தில் ஒட்டிய தாய்மாமன்

செத்துப்போனவர் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார்.

பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. முந்தின வாரம்தான் அவர் முகத்தோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தேன். நெற்றியில் அடித்த டியூப்லைட் வெளிச்சத்தை அழித்து, மீசையை ஒரு இழை விடாமல் வெட்டி எடுத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் முன்னால் குத்துவிளக்கும் வைத்திருந்தேன். அப்பேர்ப்பட்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் நிற்கிறார். படத்தில் இருந்ததைவிட முடி குறைவு, தொப்பை அதிகம். உயிருக்கு ஒரு குறையும் இல்லை.

"என்னத் தெரியுதா வே?" என்றார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியும் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். உட்கார இடம் இல்லை. கடையில் கிடந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கூடப்பிறந்த தங்கை. இரண்டு பேரும் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அவர் அடித்தாரா, நான் தப்பித்தேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு முழு மனிதரை நான் எப்படிச் சாகடித்தேன் என்பதை முதலில் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஊர் சொர்க்கம்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். சங்கரன்கோவிலில் ப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எது என்றாலும் முகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அவற்றை வெட்டி ஒட்டி ஒரு குடும்பமாக ஆக்கிக் கொடுப்பேன். நிஜத்தில் அது குடும்பமாக இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை.

இதில் தீம் என்று ஒன்று உண்டு. மயில் தீம், அன்னம் தீம், அரண்மனை தீம். ஒருமுறை ஒரு மாப்பிள்ளை விண்வெளி தீம் கேட்டார். பெண் வீட்டார் ஐம்பது பேரையும் கிரகங்களாகச் சுற்ற விட்டேன். பெண்ணின் பெரியப்பாவுக்கு அமைந்தது சனி கிரகம். அவர் வந்து போட்ட சத்தத்தில் அவரை வியாழனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

உடம்புகள் எங்களிடம் ரெடியாக இருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, கழுத்தில் பட்டையாகத் தங்கச் சங்கிலி, கும்பிட்ட கைகள். தலையை மட்டும் மாற்றினால் போதும். அந்த உடம்பு என் சித்தப்பா மகனுடையது. அவனைப் படமெடுத்துப் பல வருஷமாகிறது. இப்போது அவன் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் ராயகிரி வரைக்கும் பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப் அவன் ஒல்லியாக நின்று, யார் யார் தலையையோ தாங்கிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

முகத்தின் அளவுதான் இந்தத் தொழிலில் ஆபத்தான விஷயம். தாய்மாமன் முகம் பெரிதாக இருக்க வேண்டும். சித்தப்பா முகம் அதைத் தாண்டக் கூடாது. பெரியப்பா வந்துவிட்டால் சித்தப்பா இன்னும் சுருங்க வேண்டும். ஒரு அத்தை தையல்காரர் டேப்போடு கடைக்கு வந்து, திரையில் தன் முகத்தையும் நாத்தனார் முகத்தையும் அளந்து பார்த்தார். நாத்தனாருக்கு அரை விரல் கூடுதல். நான் அவர் கண் முன்னாலேயே நாத்தனாரைக் குறைத்தேன். அத்தை டேப்பைச் சுருட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினார்.

இறந்தவர்களுக்கு மேகம். இது எழுதப்படாத சட்டம். உயிரோடு இருப்பவர்கள் கீழே வட்டத்துக்குள் வருவார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் மேலே மேகத்துக்கு நடுவில், லேசான நீல நிறத்தில் தெரிய வேண்டும். அந்த மேகம் திருவேங்கடம் போகிற வழியில் கரிசல் காட்டுக்கு மேலே ஐப்பசி மாதத்தில் திரண்டு நின்றது. நான் வண்டியை நிறுத்தி போனில் எடுத்தேன். அன்று மழை பெய்யவில்லை, மேகம் மட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கம் இறப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

சரி, யார் மேலே, யார் கீழே என்று எப்படித் தெரியும்? கேட்க முடியாது. நல்ல காரியத்துக்குப் பேனர் அடிக்க வந்தவர்களிடம், 'இவரு இருக்காரா, போய்ட்டாரா?' என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். படத்தைப் பார்த்து நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் மாட்டிய சட்டம், அதன் கண்ணாடியில் குங்குமப் பொட்டு. இந்த இரண்டும் இருந்தால் ஆள் மேலே. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

மூன்று சட்டங்கள்

மாரியப்பன் எங்கள் ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் தன்ஷிகாவுக்குக் காதுகுத்து என்று வாட்ஸ்ஆப்பில் படங்கள் அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு.

"அண்ணாச்சி, மயில் தீம் போட்ருங்க, பிள்ளைக்கு மயிலுதான் பிடிக்கும். சொவத்துல இருக்க படத்தையும் போட்டுவுட்ருக்கேன். எல்லாரையும் சேத்துருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டேன்.

சுவரில் வரிசையாக மூன்று சட்டங்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மா, நடுத்தர வயதில் மீசை வைத்த ஒருவர். மூன்று கண்ணாடியிலும் குங்குமம் பளிச்சென்று இருந்தது. மூன்று பேரையும் வெட்டி எடுத்தேன். பெரியவரையும் அம்மாவையும் இரண்டு பக்கம் வைத்து, மீசைக்காரரை நடுவில் நிறுத்தினேன். அம்மா படம் கொஞ்சம் விறைப்பாக இருந்ததால் முகத்தை லேசாகச் சாய்த்தேன். முன்னால் குத்துவிளக்கு. இந்த வயதிலேயே போய்விட்டாரே, பாவம் என்று என் மனதுக்குள் ஒரு வருத்தம்கூட வந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. காதுகுத்துப் பேனரில் தாய்மாமன் இல்லாமல் எப்படி? பிள்ளையை மடியில் உட்கார வைப்பதே அவர்தானே? மாரியப்பனுக்கு போன் போட்டேன்.

"அது வரும் அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்" என்றார். பின்னால் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

வரவில்லை. தாய்மாமன் வட்டம் காலியாகக் கிடந்தது. காலியாக விட்டால் அசிங்கம் என்று அதில் ஒரு ஜோடி மயிலை வைத்தேன். மாதிரியை அனுப்பினேன். படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கட்டைவிரல் உயர்த்திப் பதில் அனுப்பினார் மாரியப்பன். மூன்று பேனர் அடித்தோம். ஒன்று கோவில் பக்கம், ஒன்று அவர்கள் தெருமுனை, ஒன்று பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப். மூன்றாவதை எதற்கு அவ்வளவு தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

காது குத்தாத பிள்ளை

பேனர் கட்டிய மறுநாள் காலையில் சாம்பிராணி போட்டுக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது கோமதி வந்தாள். மாரியப்பனின் மனைவி. கூடவே தன்ஷிகா. பிள்ளைக்கு ஆறு வயது. இரண்டு காது மடலிலும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் கம்மல்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன ஏன் கொன்னிய?" என்றாள் கோமதி.

அவளே விவரம் சொன்னாள். மீசைக்காரர் அவளுடைய ஒரே அண்ணன், சண்முகையா. பனவடலிசத்திரத்தில் ஆடும் காடும் வைத்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறார். கோமதிக்கு வெள்ளிக்கிழமைதோறும் சுவரில் இருக்கிற எல்லாப் படங்களுக்கும் துடைத்துப் பொட்டு வைக்கிற பழக்கம். அப்பா, அம்மாவுக்கு வைத்துவிட்டு அண்ணனை மட்டும் விட மனசில்லாமல் அவருக்கும் ஒன்று வைத்திருக்கிறாள்.

"உசுரோட இருக்கவியளுக்கு யாராவது கண்ணாடியில குங்குமம் வைப்பாவளாம்மா?" என்றேன், தப்பை அவள் பக்கம் தள்ளிவிடும் ஆசையில்.

"ஏழு வருசமா நேர்ல மொகத்தக் காட்டல. நான் யாருக்குத்தான் வைக்க?" என்றாள்.

தன்ஷிகாவுக்கு ஒரு வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். அண்ணன் வரட்டும், அண்ணன் மடியில்தான் பிள்ளை உட்காரும் என்று கோமதி ஒற்றைக்காலில் நின்றாள். சொந்தக்காரர்களிடம் சொல்லி அனுப்பினாள். பதில் இல்லை. மாரியப்பனின் தம்பி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் வீட்டில் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். இந்த முறையும் அவர் வராவிட்டால் யார் மடியிலாவது வைத்துக் குத்துவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

பனவடலிசத்திரம் பேனர் கோமதியின் திட்டம். அண்ணன் தினமும் டீ குடிக்கிற இடத்தில், தாய்மாமன் என்று அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால் ஊரே பார்க்கும், அதற்குப் பிறகு வராமல் இருக்க முடியாது என்று நினைத்தாள். அழைப்பிதழ் கொடுக்கத் தைரியம் இல்லாத தங்கை பேனரில் அழைத்திருக்கிறாள். அந்தப் பேனரில்தான் நான் அவரைத் தூக்கி மேகத்தில் வைத்து விளக்கேற்றிவிட்டேன்.

"சரிம்மா, அண்ணனுக்கு அப்படி என்ன கோவம்?" என்றேன்.

கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அம்மை செத்தப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சோம். அதுல எங்க வீட்டுக்காரரு படம் பெருசா இருந்துச்சு. அண்ணன் படமே இல்ல, பேரு மட்டும் அடியில இருந்துச்சு. பெத்த மவன விட்டுட்டு மருமவன் படமான்னு கேட்டுட்டுப் போனவந்தான்."

"அட, எந்தக் கடையில அப்படிக் கூறு இல்லாம அடிச்சான்?"

"இங்கனதான்" என்றாள் கோமதி.

யோசித்தால் மங்கலாக ஞாபகம் வந்தது. மழைநாள், கரண்ட் போய்ப் போய் வந்தது, அம்மா படத்தைத் தவிர எனக்கு வந்தது மருமகன் படம் மட்டும்தான். இருந்ததைப் போட்டுவிட்டேன். அந்த நாலு அங்குலப் படம் ஒரு அண்ணனையும் தங்கையையும் பிரித்துவிட்டது என்று யார் வந்து சொன்னார்கள்? முதலில் அந்த மனிதரை விட்டுவிட்டேன். இப்போது ஆளையே முடித்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் வந்து நின்றது.

நடுவில் நான்

சண்முகையா தங்கை பக்கம் திரும்பவே இல்லை. கோமதியும் தலையைத் தூக்கவில்லை. இரண்டு பேரும் என்னிடமே பேசினார்கள்.

"வே, காலையில டீ குடிக்கப் போறேன். டீக்கடைக்காரன் என்னப் பாத்ததும் கையில இருந்த கிளாஸக் கீழ போட்டுட்டான். எம் பெஞ்சாதியோட பெறந்தவிய மூணு பேரு ஒப்பாரி வச்சுக்கிட்டே ஆட்டோவுல வந்து எறங்குதாவ. நான் ஆட்டுக்குக் கொழ போட்டுக்கிட்டு நிக்கேன். என்னப் பாத்த பெறவும் ஒருத்தி அழுகைய நிறுத்தல, சவத்து மூதி."

"தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி."

"என் எடத்துல மயிலு வேற ஆடுது!"

அவருக்கு உண்மையான கோபம் அந்த மயில் மேல்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. செத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

"அண்ணாச்சி, நான் வேணும்னு செய்யலன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றாள் கோமதி தரையைப் பார்த்தபடி.

"போன தடவையும் வேணும்னு செய்யலன்னுதான் சொன்னாவன்னு அவகிட்ட சொல்லும்" என்றார் அவர் என்னைப் பார்த்தபடி.

இரண்டு முழம் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் குற்றவாளி நான்தான் என்பதைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் கையின் அகலத்தைப் பார்த்து அந்த நினைப்பைத் தள்ளிப்போட்டேன். வேலையைக் காட்டித் தப்பிக்கலாம் என்று கணினியில் பேனர் டிசைனைத் திறந்தேன்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி. உங்கள ஒரு செகண்டுல கீழ எறக்கிருதேன். மதியத்துக்குள்ள புதுப் பேனர் கட்டிருவோம்."

எங்கள் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு முகமும் தனித்தனி அடுக்காக இருக்கும். அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கண் படம். அதை அழுத்தினால் அந்த ஆள் மறைந்துவிடுவார், மறுபடி அழுத்தினால் வந்துவிடுவார். சண்முகையாவின் கண்ணை அழுத்தினேன். அவர் போய்விட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் அளவுக்கு மேகம் மட்டும் நின்றது.

"இரும்வே" என்றார்.

நான் கையை எடுத்தேன்.

"திருப்பிக் கொண்டாரும்."

கொண்டுவந்தேன். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்றார். "அம்மை எங்கன பாக்கா?" என்றார்.

"உங்களத்தான் அண்ணாச்சி." முகத்தைச் சாய்த்தது நான்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தன்ஷிகா என் ஸ்டேப்ளரை எடுத்து வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு சண்முகையா நிமிர்ந்தார். என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"கோமதி, அம்மையோட இந்தப் படம் எப்ப எடுத்தது?"

அவர் பேசிவிட்டது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். கோமதிக்குத் தெரிந்தது. முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ரேஷன் கார்டுக்கு எடுத்ததுண்ணே. நீதான் சைக்கிள்ல வச்சு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனே. மறந்துட்டியா?"

"எங்கிட்ட அம்மை படம் ஒண்ணுகூட இல்லட்டி" என்றார் சண்முகையா. "அந்தப் போஸ்டர் ஒண்ணுதான் இருந்துச்சு. கோவத்துல அதையும் கிழிச்சிப் போட்டுட்டேன். பெறவு கேக்க ரோசம் விடல."

கோமதி வாய்விட்டு அழுதாள். அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் திரையைப் பார்த்தபடி, எந்த வேலையும் இல்லாமல், மேகத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் போஸ்டரை அடித்த கை இது என்று அப்போது சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடிக்கவில்லை.

"என்ன மேல இருந்து எடுக்க வேண்டாம்வே" என்றார். "அப்பன் ஆத்தாளுக்கு நடுவுல அப்படியே நிக்கட்டும். கீழ மயிலத் தூக்கிட்டு அங்கனயும் ஒண்ணு போடும்."

"அண்ணாச்சி, ஒரே ஆளு மேலயும் கீழயும் வந்தா சனங்க சிரிக்கும்."

"ஏற்கெனவே அழுதுட்டாவ. இனி சிரிக்கட்டும்."

கீழே போடுவதற்குப் புதுப்படம் எடுத்தேன். தங்கச் சங்கிலி போட்ட உடம்பு வேண்டுமா என்று வழக்கம்போல் கேட்டேன். இந்தச் சட்டையே போதும் என்றார். தொப்பையைக் குறைக்கவா என்றேன், அதுவும் வேண்டாம் என்றார். கிளம்பும்போது மட்டும் திரும்பி வந்து காதோரம் ஒன்று சொன்னார். "நம்ம மொகம் மாப்பிள மொகத்த விட ஒரு சுத்து பெருசா இருக்கட்டும்." ஏழு வருஷக் கோபத்துக்கு அது ஒன்றுதான் அவர் கேட்ட ஈடு. இரண்டு சுற்றாகவே போட்டுக் கொடுத்தேன்.

அந்த மடி

காதுகுத்து திருவேங்கடம் பக்கம் அவர்களின் குலசாமி கோவிலில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். பந்தல் வாசலில் என் பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் மேலே பார்த்து, கீழே பார்த்து, மறுபடி மேலே பார்த்தார்கள். சிலர் சண்முகையாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். மாரியப்பன் தன் முகத்தின் அளவைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

சண்முகையா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புது வேட்டி, ஆனால் கடைக்கு வந்த அதே சட்டை. கோமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றாள். யாரோ அவளை மெதுவாக விலக்கி நிறுத்தினார்கள்.

ஆசாரி கம்பியை எடுத்தார். தன்ஷிகா அதைப் பார்த்து மிரண்டு, தப்பிக்க வழி தேடி, எதிரே இருந்த பேனரைப் பார்த்தாள்.

"மாமா, மேல நீங்கதான இருக்கீங்க?"

"ஆமா மக்கா."

"கீழயும் நீங்கதான?"

"ஆமா."

"எது நெசம்?"

சண்முகையா அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பேனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல நிக்கது எங்க அம்மைக்கு மவன். கீழ நிக்கது ஒனக்கு மாமன்" என்றார்.

அவள் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆசாரி வலது காதைக் குத்திவிட்டார்.